ஏ-ஏழுக்குத் தெரிந்த குரல்கள்

நானூறு நாய்கள் இருந்த கொட்டகையில் ஒரு குரைப்புகூட இல்லை. நேசக்குட்டி நிறுவனத்தின் முதல் விதி அது. உள்ளே யாரும் பேசக் கூடாது. தீனி வைப்பவர்கள் துணிச் செருப்பு போட்டுக்கொண்டு சைகையிலேயே வேலை பார்த்தார்கள். நாய் குரைத்தால் கழுத்துப் பட்டை மின்சாரம் பாய்ச்சிச் சுரீரென்று கடிக்கும். புதிதாக வந்த நாய்கூட ஒரு வாரத்தில் குரைப்பதை விட்டுவிடும்.

கல்லாங்காட்டுப்புதூருக்கு மேற்கே இருந்த அந்தக் கொட்டகைகளில் முன்பு கறிக்கோழி வளர்ந்தது. முதலாளி தெய்வசிகாமணி கோழியை விட்டு நாய்க்கு வந்தபோது கூண்டுகளின் உயரத்தை மட்டும் கூட்டினார். கீழே அதே கம்பி வலை. கழிவு தானாக விழுந்துவிடும், கூட்ட ஆள் வேண்டாம். கம்பிமேலேயே நின்று நின்று நாய்களின் பாதங்கள் விரல் விரிந்து அகன்றிருந்தன.

நவநீதன் அங்கே ஒலிப் பொறியாளன். குட்டி வேண்டும் என்கிறவர் தன் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பிறக்கும் குட்டி அந்தக் குரலுக்கு உருகும். ஓடத் தெரிந்த நாளிலேயே அந்த ஆளின் பின்னால் ஓடும். பழக்கத் தேவையில்லை. நேசக்குட்டி என்று பெயர் வைத்து விற்றது இதைத்தான். வந்து சேரும் குரல்களின் இரைச்சலை நீக்கி, சினை நாயின் காதுக்குப் பின்னால் புதைத்திருக்கும் சிறு கருவிக்கு அனுப்புவது நவநீதனின் வேலை. குரல்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

அவன் மனைவி சிந்துஜா அங்கே கால்நடை மருத்துவராக இருந்தாள். இந்த முறையை முதன்முதலில் சோதித்தபோது வேறு குரல் கைவசம் இல்லாமல் அவள் குரலைத்தான் வைத்தார்கள். 'வா கண்ணு, சாப்பிடலாம்' என்று பதிவு அறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். கேட்ட நாய் ஏ-ஏழு. அப்போது அதற்கு முதல் ஈற்று.

ஒவ்வொரு ஈற்றுக்குப் பிறகும் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். அதற்குத் துடைப்பு என்று பெயர். பழைய குரலை அழித்து அடுத்த குரலுக்கு இடம் செய்யும் மருந்து. சிந்துஜா அந்த ஊசியை நம்பவில்லை.

"அழியலை நவி. அமுங்குது, அவ்வளவுதான்" என்றாள்.

அவன் கருவியின் அளவுகளைக் காட்டினான். அவள் அளவுகளைப் பார்க்கவே மறுத்து நாயின் கண்ணைப் பார் என்றாள். பிறகு வேலையை விட்டாள். போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவனுக்குப் பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. கடித்தாலும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் இவன் அழவில்லையே என்று கவலைப்பட்டுப் போனார்கள். யாரும் பேசாத இடம் என்பதால் கொட்டகை அவனுக்கு வசதியாக இருந்தது.

ஒரு பிற்பகல் கருவிகளைச் சரிபார்க்க உள்ளே போனவன், காதில் மாட்டியிருந்த ஒலிப்பானில் அவளுடைய பழைய குரல் செய்தி ஒன்றைக் கேட்டுக்கொண்டு நடந்தான். அடிக்கடி கேட்பதுதான். புளூடூத் அறுந்தது. போனே சத்தமாகப் பேசிவிட்டது.

'எங்க இருக்க? வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா. காய்ஞ்சதா வாங்கிட்டு வராத.'

அவன் பதறி அணைத்தான். பகலிலும் இருட்டாகவே வைத்திருக்கும் கொட்டகையில் எந்த நாயும் அசையவில்லை. ஒன்றைத் தவிர. கடைசி வரிசையில் ஏ-ஏழு எழுந்து நின்றிருந்தது. ஒன்பது ஈற்றில் வயிறு தொங்கிப்போன நாய். வால் கம்பியில் மோதி டிக், டிக் என்று சத்தம் வந்தது. முகத்தைக் கம்பி இடுக்கில் நுழைத்து, அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் வாசல் பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்த்தது.

அவனும் திரும்பிப் பார்த்தான்.

தெய்வசிகாமணி கெட்டவர் மாதிரிப் பேசுகிறவர் அல்ல. சிந்துஜாவின் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல்கால் பிடித்து நின்றவர். நவநீதன் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். வேறு யாருக்காவது தெரியுமா என்றார். தெரியாது என்றான். குட்டிகள் சரியாக வருகின்றனவா, வாங்கியவர்களிடம் புகார் உண்டா என்று கேட்டார். குட்டிகளில் குறையில்லை, புகாரும் இல்லை.

"அப்புறம் என்னங்க தம்பி? தாய்க்கு ஞாபகம் இருந்தா இருந்துட்டுப் போவுது. நாம தாயவா விக்கறோம்?"

"ஒன்பது பேர் வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்குதுங்க சார். ஒருத்தரையும் பாத்தது கெடையாது."

"கோழி முட்டைய நெனச்சா அழுவுது?"

"கோழி எனக்குத் தெரியலீங்க. இது அழுவுது."

அவர் ஏசியைக் குறைத்தார். பிறகு, ஏ-ஏழுக்கு வயதாகிவிட்டது, வியாழக்கிழமை ஓய்வு கொடுத்துவிடலாம் என்றார். ஓய்வு என்றால் கொட்டகையின் பின்புறக் குழி. கோழிப் பண்ணை நாட்களில் அவரே உண்டாக்கிய சொல் அது.

அதே வியாழக்கிழமைதான் கருத்துக் கேட்புக் கூட்டமும் இருந்தது. நானூறு தாய்களை நாலாயிரம் ஆக்கப் புதிய கொட்டகைகள் கட்ட வேண்டும். அதற்கு ஊர் மக்களைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நவநீதன் நிறுவனத்தின் சார்பில் நாலு வார்த்தை விளக்கமாகப் பேச வேண்டும் என்றும், பார்க்க லட்சணமாக சி வரிசையிலிருந்து ஓர் இளம் நாயைக் கொண்டுவர வேண்டும் என்றும் தெய்வசிகாமணி சொன்னார். மாவட்டத்தில் பெரிய வீடுகளில் எல்லாம் நம் குட்டிதான் ஓடுகிறது, யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று தோளைத் தட்டினார். ஏ-ஏழுதான் அந்தப் பெரிய வீட்டுக் குட்டிகளைப் போட்டது என்பது இருவருக்கும் தெரியும். ராசியான தாய் என்று அதைத்தான் அவர் அந்த மாதிரி இடங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

அந்த அறையை விட்டு வந்தபோது நவநீதனுக்கு மரத்துப்போனது ஓர் ஓரத்தில் விட்டிருந்தது. துக்கம்தான் முதலில் வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வந்தது கோபம்.

வியாழக்கிழமை காலை சி வரிசைப் பக்கமே அவன் போகவில்லை. ஏ-ஏழைக் கூண்டிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, வேனில் ஏற்றினான். சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் கொத்தமல்லி இருந்தது. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தான். அவள் குரலை நூறு பேர் கேட்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று விட்டான். அவள் உயிரோடு இருந்திருந்தால் அவளே வந்து சத்தம் போட்டிருப்பாள்.

கூட்டம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள் மணமேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மோகோல் எழுத்துகள் பாதி உதிர்ந்து தொங்கின. முன்வரிசைக்கு மட்டும் காபி வந்தது. வீடியோ எடுப்பவர் மூன்றுகால் ஸ்டாண்டை நட்டு எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார். அதுவும் சட்டம். நாயோடு வெளியே வேனில் இருந்த நவநீதனுக்கு ஒலிபெருக்கியில் அரைகுறையாகக் கேட்டது.

ஊர் சார்பில் முதலில் எழுந்தவர் வசந்தாமணி. கொட்டகையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், நாலு நாட்டு நாய் வளர்ப்பவர்.

"எல்லாரும் நாத்தம்னு சொல்லுவாங்க. எனக்கு நாத்தம் பழகிருச்சுங்க. அத்தனை நாய் இருக்குதுங்கறாங்க, இத்தனை வருசத்துல ஒரு கொரைப்புக் கேட்டதில்ல. எங்க தோப்புல நரி வந்தா என் நாலு நாயும் கத்துது, அங்க இருந்து ஒண்ணும் பதில் சொல்றதில்ல. அதுதானுங்க எனக்குப் பயம். வாயில்லாத ஜீவன்னு சொல்லுவாங்க, நீங்க நெசமாவே வாயில்லாம பண்ணி வெச்சிருக்கீங்க."

கை தட்டினார்கள். தெய்வசிகாமணி சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினார். ஊருக்கு வேலை வரும், சாலை வரும் என்றார். தாய் நாய்களைப் பற்றிச் சிலர் தப்பாகப் பேசுகிறார்கள் என்றார்.

"ஒவ்வொரு ஈத்து முடிஞ்சதும் தாய்க்கு எல்லாம் தொடைச்சிருவோமுங்க. குட்டி போனது ஞாபகம் இருக்காது, பழசு எதுவுமே இருக்காது. புதுசாப் பொறந்த மாதிரி. மனுசனுக்கு அந்தக் குடுப்பினை உண்டுங்களா?"

பிறகு எங்கள் பொறியாளர் வந்து விளக்குவார் என்று கூப்பிட்டார்.

நவநீதன் ஏ-ஏழைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்தான். சிமெண்டுத் தரை அதற்குப் பழக்கமில்லை. அகன்ற பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தது. மடி தரையை உரசியது. பெண்கள் பக்கத்தில் யாரோ அய்யோ என்றார்கள். தெய்வசிகாமணி நாயை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது.

மேடை நடுவில் கூட்டத்தை நடத்திய அதிகாரி ஞானசேகர் அதுவரை தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவர், மைக்கை இழுத்தார். பேசுவதற்கு முன் ஒருமுறை செருமினார்.

ஏ-ஏழு நின்றது.

நவநீதனும் நின்றான். அந்தச் செருமலை அவனுக்குத் தெரியும். எந்தக் குரல் வந்தாலும் செருமலையும் இருமலையும் வெட்டி எறிவது வழக்கம். ஒரே ஒரு குரலில் மட்டும் வெட்டாமல் விட்டான். இந்தச் செருமல் இல்லாவிட்டால் அது எங்கள் அப்பா மாதிரியே இல்லை என்று அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் சொல்லியனுப்பியிருந்தாள். எண் மறந்துவிட்டது. செருமல் மறக்கவில்லை. ஏ-ஏழின் ஐந்தாம் ஈற்றோ ஆறாம் ஈற்றோ.

"நாயைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் ஞானசேகர்.

கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. நாய் அவன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஓடிப் பழகாத கால்கள் படியில் இரண்டு முறை இடறின. மேடையில் ஏறி, மேசைக்கு அடியில் புகுந்து, அவர் காலில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. அவருடைய ஷூவை நக்கியது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கழுத்துப் பட்டை கடித்தது. உடம்பு உதறியது. மறுபடி முனகியது. மறுபடி கடித்தது. அது நிறுத்தவில்லை.

நவநீதன் மேடையேறி அந்தப் பட்டையைக் கழற்றித் தூர எறிந்தான்.

"இது எதுக்கு என்கிட்ட வருது?" என்றார் ஞானசேகர்.

நவநீதன் மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். போன் பையிலேயே இருந்தது.

"உங்க வீட்ல நேசக்குட்டி இருக்குதுங்களா சார்?"

அவர் தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், மைக்கு முன்னாடிதானே இருக்குது" என்றார் வசந்தாமணி உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இருக்கு" என்றார் ஞானசேகர். "என் பொண்ணுதான் ஆசைப்பட்டா… எனக்கு ஒரு அன்பளிப்பா வந்தது."

அன்பளிப்பு என்ற சொல்லுக்கு மண்டபம் மொத்தமும் சிரித்தது. நவநீதன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான்.

"அந்தக் குட்டியோட அம்மாங்க இது."

அவர் குனிந்து பார்த்தார். நவநீதன் பேசினான். கொட்டகையில் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது மாதிரி வார்த்தைகள் வந்தன.

"வயித்துல இருக்கற குட்டிக்குக் காது கேக்காதுங்க. தாயோட காது வழியாத்தான் கேக்கணும். தாய் ஒரு குரலுக்காக ஏங்கினா அந்த ஏக்கம் ரத்தத்துல எறங்கும். அதனால நாங்க அத ஏங்க வைப்போம். இருட்டுல போடுவோம். யாரும் பேச மாட்டோம், தொட மாட்டோம். உங்க குரல் வந்தாத்தான் சோறு வரும். உங்க குரல் நின்னா எல்லாம் நின்னுரும். சினை முடியற வரைக்கும் உலகத்துல அதுக்கு இருந்த ஒரே மனுசன் நீங்கதாங்க. அப்புறம் குட்டிய எடுத்துருவோம். குரல நிறுத்திருவோம். ஊசி போடுவோம். தொடைச்சாச்சுன்னு இப்பத்தான் அவர் சொன்னாரு. உங்க காலடியில கெடக்குது, நீங்களே பாத்துக்குங்க."

"தற்செயலுங்க சார்" என்றார் தெய்வசிகாமணி. "நாய்னா யாருகிட்ட வேணும்னாலும் போகும். இப்பப் பாருங்க."

அவர் விரலைச் சொடுக்கிக் குனிந்து, "தோ… தோ…" என்று கூப்பிட்டார்.

மண்டபத்து வாசலில் படுத்திருந்த தெருநாய் தலையைத் தூக்கியது. எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு இரண்டடி உள்ளே வந்தது. ஏ-ஏழு திரும்பவே இல்லை. அந்தச் சொல்லை அது கேட்டதே இல்லை. ஆயிரக்கணக்கில் நாய்களை விற்றவர் மறுபடியும் தோ, தோ என்றார். இன்னொரு தெருநாயும் வந்தது.

"வேணும்கற நாய் தெருவுலயே வருது பாருங்க. இதுக்கு எதுக்குங்க நாலாயிரம் கூண்டு?" என்றார் வசந்தாமணி.

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. "நீ கூப்புடு" என்றார் நவநீதனிடம். 'தம்பி' என்ற அழைப்பு போய்விட்டிருந்தது. "நீதானே கூடவே இருந்த. உன்கிட்டயாவது வருதான்னு பாப்போம்."

"வராதுங்க. அஞ்சு வருசத்துல அதுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசக் கூடாதுன்னு நீங்கதான் விதி போட்டீங்க. இந்த மண்டபத்துல என்னையும் உங்களையும் அதுக்குத் தெரியாது. அவரத் தெரியும்."

ஞானசேகர் ஏதோ சொல்ல வாயெடுத்துச் செருமினார். வால் மேசைக்காலில் அடித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். மறுபடி முயன்றார், மறுபடி வால். கடைசியில் பக்கத்திலிருந்த உதவியாளரின் காதில் சொன்னார். உதவியாளர் எழுந்து, அய்யா இந்தக் கூட்டத்தை நடத்துவது முறையாகாது என்று கருதுவதால் கூட்டம் நிறுத்தப்படுகிறது, அனுமதி தொடர்பான வேலைகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படுகின்றன, நடந்தவை முழுவதும் வீடியோ பதிவோடு மேலே அனுப்பப்படும் என்று அறிவித்தார்.

தெய்வசிகாமணி நாயைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"நாய் கம்பெனி சொத்து."

"தர மாட்டேன்."

"திருட்டுக் கேசு ஆகும்."

"ஆகட்டும்."

அவ்வளவுதான் பேசினான். வசந்தாமணி தேங்காய் ஏற்றும் சின்ன வண்டியை மண்டப வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருந்தார். பிரச்சினை அங்கேதான் வந்தது. ஏ-ஏழு ஞானசேகரை விட்டு நகரவில்லை. தூக்கினால் திமிறியது. கடைசியில் அவரே எழுந்து நடக்க வேண்டியதாயிற்று. அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வாசல்வரை வந்தது. வண்டிக்கு அருகில் நின்று, ஏறு என்றார். ஏறியது. இவரும் ஏறுவார் என்று ஓரமாக ஒதுங்கி இடம் விட்டது.

அவர் ஏறவில்லை. நவநீதன் பின்கதவைச் சாத்தினான். கொட்டகையில் செய்ததையேதான் இப்போதும் செய்தார்கள்.

"நான் அப்பப்ப வந்து பாக்கலாமா தம்பி?" என்றார் ஞானசேகர் தாழ்ந்த குரலில்.

"தெனமும் வர்றதா இருந்தா வாங்க. அப்பப்பன்னா வேண்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. வண்டி கிளம்பியது.

நவநீதனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏ-ஏழு உள்ளே சுற்றிப் பார்க்கவில்லை. வாசலுக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தது. தெருவில் யார் பேசிப் போனாலும் காது நிமிர்ந்து மடங்கியது.

போன் அடித்தது. தெய்வசிகாமணிதான். காலையில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். வேலை போனதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

"குடுங்க சார்" என்றான் நவநீதன். "கேசு கோர்ட்டுக்கு வரட்டும். நாயும் வரும். பெரிய வீடுகளுக்கு எத்தனை குட்டி அது போட்டுக் குடுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். யாரு யாரு அங்க பேசப் போறாங்களோ, பேசட்டும். அது எங்க போய் உக்காருதுன்னு பாப்போம்."

அவனே இணைப்பைத் துண்டித்தான்.

போன் கையில் இருந்தது. அதை அழுத்தினால் அவள் கொத்தமல்லி கேட்பாள். ஏ-ஏழு எழுந்து வரும். வால் ஆடும். இந்த வீட்டில் அவள் குரலுக்கு இன்னொரு ஜீவன் எழுந்து நிற்பதை அவன் பார்க்கலாம். விரல் திரைமேல் இருந்தது.

நாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு தட்டில் தயிர்சோறு பிசைந்து எடுத்துவந்து, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இருவரும் கதவைப் பார்த்தார்கள். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பேச்சு பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒருமுறை செருமிக்கொண்டான்.

"அவ வர மாட்டா" என்றான்.

இதுவரை யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. ஏ-ஏழு திரும்பி, முதன்முதலாக, அவன் முகத்தைப் பார்த்தது. வால் ஆடவில்லை. அது கேட்ட குரல்கள் எல்லாம் 'வா, வா' என்றவை. ஒன்றுகூட உண்மை சொன்னதில்லை.

"அவரும் வர மாட்டாரு. யாரும் வர மாட்டாங்க. நான் இருக்கேன். சாப்புடு."

தட்டைத் தள்ளினான். அது தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. சோறு அதன்முன் இருந்தது, குரல் நின்றுவிட்டிருந்தது. குரல் நின்றபின்னும் சோறு அங்கேயே இருந்தது. வெகுநேரம் முகர்ந்தபிறகு சாப்பிடத் தொடங்கியது.

அப்போது தெருவில் ஏதோ நாய் குரைத்தது. ஏ-ஏழு கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தது. எதுவும் கடிக்கவில்லை. வாயைத் திறந்தது. கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சத்தமா" என்றான் நவநீதன்.